பூதக்கண்ணாடியும் மூன்று பால்பற்களும்

அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தது யாரென்று கடையில் யாருக்கும் நினைவில்லை. யாராக இருந்தாலும் இரக்கமுள்ள ஆள்தான். அந்த மனிதர் படுத்தும் பாட்டுக்கு இதைவிட மோசமான பெயர்கள் எத்தனையோ இருக்கின்றன.

நான்கு மாடி மின்சாதனக் கடை அது. கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு மேசை. வாங்கிப்போன சாமான் பழுதாகிவிட்டது, மாற்றிக்கொடு என்று வருகிறவர்கள் எல்லாரும் அந்த மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். பத்தொன்பது வருடமாக அங்கே உட்கார்ந்திருப்பவர் இவர். ஒரு கையில் சின்ன டார்ச், இன்னொரு கையில் நீளக் கம்பியின் நுனியில் பொருத்திய வட்டக் கண்ணாடி. மிக்சியோ இஸ்திரிப்பெட்டியோ, எது வந்தாலும் முதலில் மோந்து பார்ப்பார். பிறகு கண்ணாடியை உள்ளே விட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பார். திருகாணித் தலையில் கீறல் இருக்கிறதா, ஓரத்தில் ஈரத்தடம் இருக்கிறதா என்று தேடுவார். தானாகவே நின்றுவிட்டது என்று வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள். எந்தச் சாமானும் தானாக நின்றதில்லை என்பது அவருடைய கட்சி. கீழே போட்டிருப்பார்கள், தண்ணீரில் முக்கியிருப்பார்கள், இல்லாவிட்டால் வீட்டில் ஒரு மச்சான் கழற்றிப் பார்த்திருப்பான்.

சும்மா சொல்லக்கூடாது, பத்துக்கு எட்டு முறை அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அதுதான் வினையாகப் போயிற்று. எட்டு முறை சரியாகச் சொன்னவருக்கு மிச்ச இரண்டும் கண்ணில் படுவதே இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் அன்றன்றைக்குப் பிடிபட்டவர்களின் கதையைச் சொல்லுவார். மனைவி காதில் வாங்கிக்கொள்ளாமல் பரிமாறிக்கொண்டிருப்பாள். ஏழு வயது மகள்தான் வாயில் வைத்த கவளத்தை மெல்ல மறந்து கேட்பாள். பொய் சொல்கிறவனைக் கண்டுபிடிக்க மூன்றே வழி என்று விரல் மடக்கிச் சொல்லுவார். பொய் சொல்கிறவன் நீளமாகப் பேசுவான்; கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லுவான். உண்மை சொல்கிறவனுக்கு ஒரு வார்த்தை போதும். பொய் சொல்கிறவன் கை சும்மா இராது, பழுதான இடத்தையே தடவிக்கொண்டிருக்கும். அப்புறம் கண். முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டான். "அப்பாவை யாரும் ஏமாத்த முடியாதாப்பா?" என்று மகள் கேட்டாள் ஒருநாள். முடியவே முடியாது என்றார் பெருமையாக.

அந்தப் பெண் மேல் அவருக்கு உயிர். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள். அவளுக்கு வாங்கும் பென்சிலைக்கூடக் கடையிலேயே சீவி, முனை உடைகிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார். அவளுக்கு எதிலும் மட்டமானதைத் தலையில் கட்டிவிடக்கூடாது, அவ்வளவுதான் அவருடைய கவலை.

அவளுக்குப் பல்வலி வந்தது ஒரு பள்ளி நாளில். பென்சில் பெட்டியைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மனைவி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கீழ்வரிசையில் இடது பக்கம் கடைசிப் பல்லில் பெரிய குழி என்றாள். மறுநாளே பல் டாக்டரிடம் போனார்கள்.

புத்தகக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்த மருத்துவமனை. மொத்தமே இரண்டு அறை. வெளியறைச் சுவரில் மீன் படங்கள் ஒட்டியிருந்தார்கள், ஒரு மீனுக்கு மட்டும் பல் வரைந்திருந்தார்கள். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். குழந்தையின் வாயைப் பார்த்தார், சின்னதாக ஒரு எக்ஸ்ரே எடுத்தார், பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுப் பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். குழந்தைப் பல்லின் படம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சொத்தை மூன்று பல்லில் இருக்கிறது. இரண்டு சின்னது, வலது பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று. அவற்றை அடைத்துவிடலாம். இடது பக்கத்துப் பெரிய குழி அப்படியில்லை, பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே இறங்கியிருக்கிறது, அதற்கு வெறும் அடைப்பு நிற்பது சந்தேகம், ஸ்டீல் கேப் போட்டு மொத்தப் பல்லையும் மூடிவிடுவதுதான் நல்லது.

பத்து நிமிடம் பேசியிருப்பார். நம்மவருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. ஒரு பல்லைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறவர் எதையோ மறைக்கிறார்.

அடைப்பதற்கு என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார், துணிக்கடையில் கேட்பதைப் போல. டாக்டரம்மா அதையும் சொன்னார். ஒன்று சிமெண்ட், கண்ணாடித் தூளையும் ஒரு திரவத்தையும் குழைத்து வைப்பது. கொஞ்சம் எச்சில் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும், அக்கம்பக்கத்தில் சொத்தை பரவாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் தேயும். இன்னொன்று ரெசின், பல்லின் நிறத்திலேயே இருக்கும், நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிடும், பார்க்க அழகு. ஆனால் வைக்கும்போது பல் துளி ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும், குழந்தை அசையாமல் இருக்க வேண்டும். மூன்றாவது இரண்டையும் கலந்தது.

"என் வாயில வெள்ளி அடைச்சு இருபத்திரெண்டு வருஷமாச்சு. அசையல. அதை ஏன் சொல்லல?" என்று வாயைத் திறந்து காட்டினார்.

அதில் பாதரசம் கலந்திருக்கிறது, குழந்தைகளுக்குப் போடுவதை நிறுத்திவிட்டோம் என்றார் டாக்டரம்மா. உழைக்கிற சாமானை நிறுத்திவிட்டுத் தேய்கிற சாமானை விற்கிறார்களாம்! கடையில் இவர் பார்க்காத வித்தையா? விழப்போகிற பல்லுக்குத் தொப்பி போடுவானேன் என்று அடுத்த கேள்வியைப் போட்டார். அந்தப் பல் விழ இன்னும் நான்கு வருடம் இருக்கிறது, அதற்குள் அது போய்விட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கீழே இருக்கும் பெரிய பல் முளைக்க வழியிருக்காது என்று பதில் வந்தது. அந்தப் பதிலும் நீளமாகத்தான் இருந்தது.

வெளியறைக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து குசுகுசுவென்று சொன்னார். இருக்கிறதிலேயே பெரிய வேலையை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், நான் விடப்போவதில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டருக்குப் படித்தவர் சொல்வதைக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றாள். படித்தவர்கள்தான் நன்றாகக் கதை விடுவார்கள் என்றார் இவர்.

உள்ளே திரும்பிப் போனபோது அவரிடம் ஒரு திட்டம் தயாராக இருந்தது. கடையில் புதுக் கம்பெனிச் சாமான் வந்தால் மூன்றை அருகருகே வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள், எது முதலில் சூடாகிறது, எது முதலில் நிற்கிறது என்று. அதையே இங்கே செய்தால் என்ன? மூன்று பல், மூன்று சாமான். வலது மேல்பல்லுக்குச் சிமெண்ட். வலது கீழ்ப்பல்லுக்குக் கலப்பு. இடது பக்கத்துப் பெரிய குழிக்கு ரெசின். எது நிற்கிறது, எது ஏமாற்றுகிறது என்று பார்த்துவிடலாம்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"சார், மூணு குழியும் ஒரே மாதிரி இல்ல. சின்னக் குழியில எது வச்சாலும் நிக்கும். பெரிய குழியில வச்சதையும் அதையும் எப்படி ஒப்பிடுவீங்க? அது நியாயமான சோதனையே இல்ல."

நியாயத்தைப் பற்றி எனக்குச் சொல்கிறார்களா என்று மனதுக்குள் கொதித்தார் அவர். பேசிப் பேசி டாக்டரம்மாவும் ஓய்ந்துபோனார். ரெசின் வைப்பது தப்பில்லை, ஆனால் கேப் அளவுக்கு நிற்குமென்று சொல்ல முடியாது என்றார். கேப் போடச் சொன்னோம், பெற்றவர் வேண்டாமென்றார் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து கேட்டார். இவர் அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மூன்று தரம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடைத்த அன்று குழந்தை சமர்த்தாக இருந்தாள். வாயின் இரண்டு ஓரத்திலும் பஞ்சுச் சுருள், எச்சிலை உறிஞ்சும் குழாய், கண்ணைக் கூசும் விளக்கு. நீல விளக்கைப் பல்லில் காட்டியபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்திருந்தாள். இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வரவிடமாட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் வந்தது. பக்கத்துக்கு நான்கு கட்டம். சிமெண்ட், கலப்பு, ராஜா, வலி. ரெசினுக்குத்தான் ராஜா என்று பெயர், மூன்றில் அதுதான் பளிச்சென்று இருந்ததால். தினமும் மாலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசை விளக்கின் கீழே மகள் நாற்காலியில் மண்டிபோட்டு வாயைத் திறப்பாள். கடையிலிருந்து கொண்டுவந்த கம்பிக் கண்ணாடியை வெந்நீரில் கழுவி உள்ளே விடுவார். ஓரம் சரியாக இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துப் பத்துக்கு மார்க் போடுவார். கடைசியில், வலிக்கிறதா என்று கேட்டு நான்காவது கட்டத்தில் எழுதுவார்.

முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. ராஜாவுக்கு இன்றைக்கு எத்தனை மார்க் என்று மகளே கேட்பாள். வகுப்பில் போய்த் தன் வாயில் போட்டி நடக்கிறது என்று பீற்றிக்கொண்டாள்.

மூன்றாவது மாதம் சிமெண்ட்டின் ஓரத்தில் பொடியாக ஒரு துண்டு உதிர்ந்தது. பூதக்கண்ணாடி விழித்துக்கொண்டார். சாமான் மட்டமா, இல்லை உபயோகித்தவர் தப்பா? கடையில் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மகளின் பள்ளிப்பையைக் கவிழ்த்தார். அடியில் ஒரு மிட்டாய்க் காகிதம் கிடந்தது.

இது என்ன என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை, அவர் எப்போதும் உயர்த்துவதில்லை. குழந்தை சொன்னாள். வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள், எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள், நான் வாங்கினேன், ஆனால் தின்னவில்லை, பக்கத்தில் உட்காருகிறவளுக்குக் கொடுத்துவிட்டேன், காகிதம் மட்டும் மினுமினுவென்று இருந்தது, ஸ்கேலால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகும், அதனால் வைத்துக்கொண்டேன். சொல்லும்போதே கை கன்னத்துக்குப் போயிற்று, கண் தரைக்குப் போயிற்று.

"நான் ஒண்ணுதான் கேட்டேன். நீ எத்தனை சொல்ற பாரு" என்றார் அவர்.

கால் மணி நேரம் குடைந்தார். யார் கொடுத்தது, எத்தனை மணிக்கு, மிட்டாய் என்ன நிறம், பக்கத்தில் உட்காருகிறவள் எந்தப் பக்கத்தில் உட்காருகிறாள். குழந்தை விக்கி விக்கி அழுதாள். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகளைத் தூக்கிக்கொண்டாள்.

"உங்க மேசையைக் கடையோட வச்சுக்குங்க. வீட்டுக்குள்ள போடாதீங்க."

மறுநாள் மனைவி பள்ளி வாசலில் அந்தத் தோழியின் அம்மாவிடம் விசாரித்துவிட்டு வந்து, குழந்தை சொன்னது அத்தனையும் நிஜம் என்றாள். அவர் உம் கொட்டிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினார். தப்புதான் என்று மகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பழக்கமே அவருக்குக் கிடையாது.

டாக்டரம்மாவிடம் போய், நீங்கள் சொன்ன சிமெண்ட்தான் முதலில் போயிற்று என்று ஏதோ வழக்கில் வென்றவரைப் போலக் காட்டினார். சிமெண்ட் தேயும் என்று அன்றைக்கே சொன்னேனே என்று ஐந்து நிமிடத்தில் அதைச் சரிசெய்துவிட்டார் டாக்டரம்மா. பிறகு, பெரிய பல்லை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்றார். நன்றாக இருக்கிற பல்லுக்குப் படம் எதற்கு? கேப்பை மறுபடி நுழைக்கப் பார்க்கிறார்கள்! முடியாது என்று சொல்லிவிட்டு மகளை நாற்காலியிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தொப்பி போடப் பார்த்தார்கள், நம்மிடமா நடக்கும்? ராஜாவுக்கு இன்றுவரை பத்துக்குப் பத்து. பழுது பார்க்கும் மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை.

"மூடியைக் கழட்டாம மோட்டார் நல்லாருக்குன்னு எப்படிண்ணே சொல்றீங்க?"

உனக்கென்ன தெரியும், வேலையைப் பார் என்றார்.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. அவர் அதை நல்ல மாற்றம் என்று நினைத்தார். மகள் பதில்களைச் சுருக்கிக்கொண்டாள். பள்ளியில் என்ன நடந்தது என்றால், ஒன்றுமில்லை. சாப்பிட்டாயா, ம். ஏழு மணிக்கு நாற்காலியில் ஏறி, கேட்காமலேயே வாயைத் திறப்பாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வாள். ராஜாவின் மார்க்கை இப்போது கேட்பதில்லை.

மனைவிதான் கவனித்தாள். இவள் ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள், ஆப்பிள் துண்டைத் தொடுவதில்லை, பல் தேய்க்கும்போது இடது பக்கம் பிரஷ் போவதே இல்லை என்றாள். அவர் உடனே மகளைக் கூப்பிட்டார். விளக்கைத் திருப்பி, கண்ணாடியை விட்டுப் பார்த்தார். ராஜா பளபளவென்று உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு கோடுகூட இல்லை.

வலிக்கிறதா என்று கேட்டார்.

"இல்ல."

ஒரே வார்த்தை. கண் அவர் முகத்தில் நேராக இருந்தது. கை மடியில் இருந்தது. பார்த்தாயா, உண்மை பேசுகிற பிள்ளை இப்படித்தான் சொல்லும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாளும் கேட்டார். மறுநாளும் இல்லை. அப்படியே ஆறு வாரம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தை எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. இடது தாடையோரம் வீங்கி, தோல் இழுத்துப் பிடித்துச் சிவந்திருந்தது. வாயைத் திறக்கச் சொன்னால் ஒரு விரல் நுழையும் அளவுதான் திறந்தது. மனைவி போட்டது போட்டபடி மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அவர் செருப்பை மறந்தார், ஆனால் நோட்டை மறக்கவில்லை.

விடுமுறை நாள்தான், ஆனாலும் தொலைபேசியில் சொன்னதும் டாக்டரம்மா வந்து கதவைத் திறந்தார். படம் எடுத்தார். திரையில் காட்டினார். அடைப்பின் மேல்பக்கம் வெள்ளையாக, ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்கடியில், பக்கத்துப் பல்லைத் தொடும் இடத்தில், கறுப்பாக ஒரு நிழல் வேர்வரைக்கும் இறங்கியிருந்தது. அடைப்புக்குக் கீழே கசிந்து உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போயிருக்கிறது, வேரில் சீழ் கட்டிவிட்டது என்றார். இது மேலே பார்த்தால் தெரியாது, எந்தக் கண்ணாடிக்கும் தெரியாது. முதலில் மருந்து கொடுத்து வீக்கம் வடிய வேண்டும், பிறகு பல்லை எடுத்துவிட வேண்டியதுதான்.

எடுப்பது என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு ஆத்திரம் பொங்கியது. பயந்தால் அவருக்கு ஆத்திரம்தான் வரும். அன்றைக்குச் சரியாகக் காயவைத்தீர்களா, விளக்கை எவ்வளவு நேரம் காட்டினீர்கள், அந்த ரெசின் எந்த வருடத்துச் சரக்கு என்று அடுக்கினார். நோட்டை மேசையில் விரித்தார்.

"பாருங்க. தேதி போட்டு எழுதியிருக்கேன். நாப்பத்தியோரு நாள். வலி இல்ல, வலி இல்ல, வலி இல்ல. நேத்து ஏழு மணிக்குக்கூட இல்ல. ஒரே ராத்திரியில இப்படி வீங்குமா? என் பொண்ணு பொய் சொல்ற பொண்ணு இல்ல டாக்டர்."

டாக்டரம்மா அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். அழகான கையெழுத்து, நேரான கட்டங்கள். நோட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டு, அம்மாவின் மடியில் சாய்ந்திருந்த குழந்தையின் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். எப்போதிருந்து வலிக்கிறது என்று கேட்டார்.

குழந்தை அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவள் முதுகைத் தடவினாள்.

"ரொம்ப நாளா" என்றாள். வாய் சரியாகத் திறக்காததால் குழறியது.

"அப்பா தினமும் கேட்டாரே கண்ணு. ஏன் சொல்லல?"

"வலிக்குதுன்னு சொன்னா என்ன தின்னேன்னு கேப்பாரு. தின்னலன்னா நம்ப மாட்டாரு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிக் கையைக் கீழ வச்சுக்கிட்டா நம்பிருவாரு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மேசையோரம் இருந்த நோட்டை எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார், அங்கேயே விட்டுவிட்டால் யாராவது படித்துவிடுவார்களோ என்பதைப் போல. நாற்பத்தியோரு நாள் அந்தப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கின் கீழே வாயைத் திறந்திருக்கிறது. அவர் மார்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நான்கு நாளில் வீக்கம் வடிந்தது. ஐந்தாவது நாள் பல்லை எடுத்தார்கள். உள்ளே அம்மா மட்டும் வரட்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். அவர் வெளியறையில் மீன்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு முறை வீறிட்ட சத்தம் கேட்டது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஊசி போட்டிருக்கிறார்கள், மரத்துப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டாக்டரம்மா வெளியே வந்து, எடுத்த இடத்தில் பக்கத்துப் பற்கள் சாயாமல் இருக்க ஒரு கம்பி வளையம் வைக்க வேண்டும், அதற்கு இரண்டு வாரம் கழித்து வரவேண்டும் என்றார். நம்மவர் தலையாட்டினார். என்ன கம்பி, எத்தனை நாள் நிற்கும் என்று ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரம்மா கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அவர்களை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனார். அன்று மேசைக்கு வந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஒரு அம்மாள் கருகின இஸ்திரிப்பெட்டியை நீட்டித் தானாகவே என்று ஆரம்பித்தாள். அவர் மோந்துகூடப் பார்க்காமல் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டவள் நம்பமுடியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். மெக்கானிக் வந்து, உடம்பு சரியில்லையாண்ணே என்று கேட்டான்.

மாலை வீடு திரும்பியபோது கதவு ஒருக்களித்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே மகளின் குரல் கேட்டது, பஞ்சை வைத்துக் கடித்துக்கொண்டிருந்ததால் குழறலாக.

"வலிக்குதும்மா."

"மருந்து குடுத்திருக்கேன்ல, இப்ப கொறஞ்சிரும். இங்க வந்து படுத்துக்க."

"அப்பா கேட்டா வலிக்கலன்னு சொல்லிடும்மா."

மனைவி தலையணையைத் தட்டிப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, சரி என்றாள்.

அவர் கழற்றின செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு ஓசைப்படாமல் பாதிப் படி இறங்கினார். அங்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்தொன்பது வருடத்தில் ஆயிரம் பேரை வாயடைக்கச் செய்தவருக்கு, தன் வீட்டு வாசலில் எப்படி உள்ளே போவது என்று தெரியவில்லை. போய் மகளைக் கட்டிக்கொண்டு அழலாமா என்று நினைத்தார். அப்பா கேட்டுவிட்டார் என்று தெரிந்தால் குழந்தை பயந்துவிடுவாள். பொய் சொன்னதற்குப் பிடிபட்டோம் என்றுதான் நினைப்பாள். தெருவில் ஒரு வண்டி வந்து நின்று, ஆள் இறங்கி, வண்டி போயிற்று. அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, செருப்புச் சத்தம் நன்றாகக் கேட்கும்படி படியேறினார்.

கதவைத் தள்ளிக்கொண்டு போனார். மணி ஏழு. மகள் படுக்கையில் இல்லை. சாப்பாட்டு மேசை விளக்கின் கீழே நாற்காலியில் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள்.

"வேண்டாம்டா கண்ணு. வாயை மூடிக்க" என்றார். விளக்கை அணைத்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடலாம் என்றும் இருந்தது. ஆனால் இத்தனை நாள் கேட்டுவிட்டு இன்றைக்குக் கேட்காமல் போனால், கோபம் என்று நினைத்துக்கொள்வாளே.

"வலிக்குதாம்மா?"

மகளின் இரண்டு கையும் மடிக்கு வந்தன. கண் நேராக அவர் முகத்துக்கு வந்தது.

"இல்ல."

அடுக்களை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சரிடா" என்றார்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. மகள் இறங்கிப் போகவில்லை. இருட்டில் அவர் முகத்தையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், நிஜமாகவே நம்பிவிட்டாரா என்று.